ஊருக்கு மருமகளாக்கிய குரல்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எதை எழுதினாலும் இந்த வரியை முதலில் எழுதிவிடுவேன். அதில் எனக்குக் கூச்சம் கிடையாது. அப்பாவும் அம்மாவும் கச்சிராயபாளையத்தைச் சுற்றி அடுத்தவர் வயல்களில் கரும்பு வெட்டினார்கள். நான் கள்ளக்குறிச்சியில் பி.ஏ. தமிழ் படித்தேன். படித்து முடித்ததும் கிடைத்த வேலை, தேர்தல் நேரத்தில் ஆட்டோ ஒலிபெருக்கியில் வரும் குரலாக இருப்பது. எழுதுவதும் நான், பேசுவதும் நான்.

போன மாதம் கல்லூரிப் பெண்கள் மூன்று பேர் தியாகதுருகத்தில் நான் இப்போது வேலை பார்க்கும் அலுவலகத்துக்குத் தேடி வந்தார்கள். உள்ளாட்சித் தேர்தலுக்கு விளம்பரம் பேசித் தர யாரோ அவர்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

"அக்கா, நீங்க ரிடையர்டு ஆர்ட்டிஸ்டாமே?" என்றாள் ஒருத்தி.

முப்பது வயது ஆகாதவளைப் பார்த்து இப்படிக் கேட்டதும் பக்கத்து மேசைக்காரர் சிரித்துவிட்டார்.

"இப்பல்லாம் எழுதிக் குடுத்தா போனே பேசிடுது அக்கா. பொம்பள குரல், ஆம்பள குரல், அழற குரல்கூட இருக்குது. இன்னா எழுதிக் குடுக்கறதுன்னுதான் எங்களுக்குத் தெரில."

அன்று டீ வாங்கிக் கொடுத்து, இரண்டொரு நுணுக்கம் சொல்லி அனுப்பிவிட்டேன். சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

என் குரலைக் கண்டுபிடித்தது எங்கள் ஊர் மாதா கோயில். ஞாயிற்றுக்கிழமை வாசகம் வாசிக்க என்னை நிறுத்துவார்கள். ஒருநாள் கோயில் திருவிழாவுக்கு மைக் செட் கட்ட வந்தவர் அதைக் கேட்டார். கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் சவுண்ட் சர்வீஸ் கடை வைத்திருந்த ராஜேந்திரன் அண்ணன். "படிச்சி முடிச்சிட்டு வா" என்றார். முடித்துவிட்டுப் போனேன்.

கடையின் பின்னறைதான் பதிவு அறை. சுவர் முழுக்கப் பழைய மெத்தையும் சாக்கும் அடித்திருக்கும். பேசும்போது மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும், அதன் சத்தம் பதிவாகிவிடும். வியர்வை கண்ணில் இறங்கும், துடைக்க முடியாது. வளையலைக் கழற்றி மேசையில் வைக்க வேண்டும். தாளைத் திருப்பும் சத்தம் கேட்கும் என்பதால் ஒரே தாளில் கொட்டை எழுத்தில் எழுதி, மூச்சு விடும் இடத்தில் சிவப்புக் கோடு போடுவேன்.

அண்ணன் பதிவை அறைக்குள் கேட்க மாட்டார். கடை வாசல் ஸ்பீக்கர் பெட்டியில் அதை ஓட விட்டுவிட்டு, சாலையைக் கடந்து எதிர் டீக்கடைக்குப் போய், முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்பார். நடுவே சேலம் பேருந்தும் கரும்பு டிராக்டரும் போகும். அந்த இரைச்சலுக்குள் வேட்பாளர் பெயர் காதில் விழுந்தால் டீ குடிப்பார். விழாவிட்டால் டம்ளரை வைத்துவிட்டுத் திரும்பி வருவார். திட்டமாட்டார். "இன்னொரு தபா" என்பார். அந்த இரண்டு வார்த்தைக்கு நான் பயந்த மாதிரி எந்த வாத்தியாருக்கும் பயந்ததில்லை.

அவர் சொல்லிக் கொடுத்தது ஒன்றுதான். "ஆட்டோ ஒரு வூட்ட தாண்டுறதுக்குள்ள யாரு, இன்னா சின்னம், இவுங்களுக்கு நாம ஏன் போடணும், மூணும் முடிஞ்சிடணும். மீதிய அடுத்த வூட்டுக்காரன் கேப்பான். எந்த வரிய எங்க புடிச்சாலும் முழுசா இருக்கணும்."

அதனால்தான் எங்கள் தொழிலில் சில சொற்கள் தேய்ந்து தேய்ந்து ஓடின. ஆண் வேட்பாளர் என்றால் சிங்கம், போர்வாள், காவலன், மண்ணின் மைந்தன். பெண் என்றால் தாய், மகள், சகோதரி, வீட்டுக்கு விளக்கு. ஆண்களுக்கு விலங்கும் ஆயுதமும், பெண்களுக்கு உறவுமுறை. ஆண் என்ன செய்வான் என்று சொல்வோம், பெண் யாருடையவள் என்று சொல்வோம். இதை நான் இப்போதுதான் இப்படி எழுதுகிறேன். அன்று எது வாயில் சுலபமாக வந்ததோ அதை எழுதினேன்.

உளுந்தூர்பேட்டைப் பக்கம் ஓட்டல் வைத்திருந்த ஒருவர், தன் பெயருக்கு முன்னால் சிங்கம் உறுமியே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். சேர்த்துக் கொடுத்தோம். ஆட்டோ தெருவுக்குள் நுழைந்ததும் நாய்கள் எல்லாம் எழுந்து குரைத்துக்கொண்டே பின்னால் ஓடின. பெயரே கேட்கவில்லை. "சிங்கம் வந்துச்சோ இல்லியோ, நாய் வந்துடுச்சி" என்று டிரைவர் வந்து சொன்னபோது அண்ணன் வாயில் இருந்த டீ வெளியே தெறித்தது.

அதே தேர்தலில் ஆண் குரல் கொடுக்கும் மணி ஒரு வரி பேசினார். 'வளையல் போட்ட கைகள் அல்ல இவை, வாள் பிடித்த கைகள்.' நான் எழுதியது. அவர் பேசும்போது என் வளையல்கள் மேசை மேல் இருந்தன. வரி நல்ல சந்தத்தில் இருக்கிறது என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

பிறகு பூங்கொடி வந்தார்.

கல்வராயன் மலையில், பல சிற்றூர்கள் சேர்ந்த ஒரு ஊராட்சி. தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. பூங்கொடி அதே மலையில் வேறொரு ஊரில் பிறந்து, கல்யாணமாகி அங்கே வந்தவர். கணவர் வருடத்தில் பாதி நாள் கேரளாவில் மிளகுத் தோட்ட வேலையில் இருப்பார். பூங்கொடி புளியும் கடுக்காயும் கொண்டுபோய் வெள்ளிமலைச் சந்தையில் விற்பார். வியாபாரி குறைத்துக் கேட்டால் மூட்டை மேலேயே உட்கார்ந்துவிடுவார். கீழே இருந்த ரேஷன் கடை மலைமேல் வந்தது அவரால்தான். அலுவலகத்துக்குள் போய் அதிகாரிக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தால் பதில் வரும்வரை எழுந்திருக்க மாட்டார் என்று மலை முழுக்கச் சொல்வார்கள்.

அவருக்கு வேண்டியது ஒரு பாலம். அவர் வீடு இருந்த கீழூருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவே ஓர் ஓடை. அதில் இறங்கிக் கடக்கும் இடத்தைத் துறை என்பார்கள். மழைக்காலத்தில் தண்ணீர் பெருகி வந்தால் பிள்ளைகளை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கை மாற்றிக் கை மாற்றித்தான் விட வேண்டும். பெருமழையானால் பள்ளிக்கூடமே கிடையாது.

"அந்தத் தொறையில பாலம் கட்டணும். அதுக்குத்தான் நிக்கறேன். நான் செஞ்சத சொல்லு, செய்யப் போறத சொல்லு, போதும் பாப்பா" என்றார் என்னிடம்.

அப்படியே எழுதினேன். 'ரேஷன் கடையை மலைக்குக் கொண்டுவந்தவர் பூங்கொடி. துறையில் பாலம் கட்டுவார் பூங்கொடி. உங்கள் சின்னம் பூட்டு சாவி.' அண்ணன் டீக்கடையிலிருந்து திரும்பி வந்தார். பெயர் கேட்டிருக்கிறது. ஆனாலும் டீ குடிக்கவில்லை.

"நல்லாத்தான் இருக்குது. வேலைக்கு மனு போட்ட மாதிரி இருக்குது" என்றார்.

மலைக்கு ஆட்டோ சரிப்படாது, ஜீப்தான். அங்கே பேச்சு முறையும் வேறு. ஒரு வரி சொன்னால் எதிர் மலையில் பட்டுத் திரும்பி வரும். அது வந்து அடங்கும்வரை அடுத்த வரியைத் தொடங்கக் கூடாது. அதனால் வரிகளுக்கு நடுவே இடைவெளி விட்டுப் பதிவு செய்து, நானே ஜீப்பில் கூடப் போனேன். ஜனங்கள் கேட்டார்கள், தலையாட்டினார்கள். ஆனால் எதிர் வேட்பாளர் அதே ஊராட்சியில் பிறந்து அங்கேயே வாழ்க்கைப்பட்டவர். அவர் பக்கத்து ஆட்கள் மைக்கே இல்லாமல் ஒரே வார்த்தையை வீடுவீடாகச் சொல்லிக்கொண்டு போனார்கள். "அவ வந்தவ."

அவ்வளவுதான். ரேஷன் கடை, பாலம் எல்லாம் அந்த ஒரு வார்த்தைக்கு முன்னால் நிற்கவில்லை. அதற்கு முந்தின வாரம் பூங்கொடியைக் கூப்பிட்டு மோர் கொடுத்த வீட்டிலேயே, "நல்ல பொண்ணுதான், ஆனா வந்தவ இல்லியா?" என்று என்னிடம் கேட்டார்கள்.

கள்ளக்குறிச்சிக்குத் திரும்பி வந்து அண்ணனிடம் சொன்னேன். "ஜனங்களுக்குப் பதவி புரியாது ஸ்டெல்லா, சொந்தம் புரியும். அவங்க ஒரு சொந்தத்த சொன்னா நீ அதவிட பெரிய சொந்தத்த சொல்லு" என்றார். அந்த இடத்திலேயே, கடை வாசல் படியில் உட்கார்ந்து எழுதினேன்.

'வந்தவள் என்கிறார்கள். ஆமாம், வந்தவள்தான். உங்கள் ஊருக்கு வாழ வந்தவள். உங்கள் வீட்டு மருமகள் பூங்கொடி. மருமகளுக்கு வாக்களியுங்கள் மாமா. மருமகளுக்கு வாக்களியுங்கள் அத்தை.'

அண்ணன் அன்றைக்கு இரண்டு டீ குடித்தார்.

பூங்கொடிக்கு ஹெட்போனில் போட்டுக் காட்டினோம். முழுவதும் கேட்டார். ஹெட்போனைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "எங்க மாமியாரே என்னை இவ்ளோ ஆசையா கூப்பிட்டதில்ல" என்றார்.

"வேணாம்னா மாத்திடலாம்கா" என்றேன். மாற்றச் சொல்லிவிடக் கூடாதே என்றும் இருந்தது. நான் எழுதியதிலேயே சிறந்த வரி அது.

"ஜெயிக்குமா?"

"ஜெயிக்கும்" என்றார் அண்ணன்.

ஜெயித்தது. ஜீப் போன ஊரிலெல்லாம் கிழவர்கள் வெளியே வந்து, "எங்க மருமவ எங்க?" என்று கேட்டார்கள். வாக்கு எண்ணிக்கை முடிந்த அன்று அவருக்குப் பட்டுச்சேலை கட்டி, மஞ்சள் பூசி, மருமகளை வீட்டுக்கு அழைப்பதுபோல ஆரத்தி எடுத்து ஊருக்குள் அழைத்துப் போனார்கள். எங்கள் அப்பாவிடம் போனில், "என் வரிக்கு ஒரு பதவி கிடைச்சிருக்குப்பா" என்று சொன்னேன். அப்பாவுக்குப் புரியவில்லை. ஆனாலும் சந்தோஷப்பட்டார்.

அடுத்த வருடம் பூங்கொடி போன் செய்தார். "கிராம சபை இருக்குது பாப்பா. ஒரு தடவ வந்து பாரேன்" என்றார்.

பள்ளிக்கூட வாசலில் கூட்டம். நீல நிற பிளாஸ்டிக் நாற்காலிகள் ஒரு வரிசை. நடுவில் துண்டு போட்ட நாற்காலி தலைவருக்கு. இரண்டு பக்கமும் பல ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடு நாற்காலி காலியாக இருந்தது. பூங்கொடி அதன் பின்னால், அதன் முதுகில் ஒரு கையை வைத்துக்கொண்டு, முந்தானையைத் தோளைச் சுற்றி இழுத்துவிட்டுக்கொண்டு நின்றார். சந்தையில் மூட்டை மேல் உட்கார்ந்தவர் அவர்தானா என்று இருந்தது.

என்னைப் பார்த்ததும் சின்னசாமி என்ற மேலூர்ப் பெரியவர் எழுந்தார். "மேடம், வாங்க வாங்க. படிச்ச பொண்ணு நிக்கலாமா? உக்காருங்க" என்று தன் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் என் பக்கத்தில் தலைவர் நின்றுகொண்டிருப்பது உறைத்தது. எழுந்தால் பெரியவர் மனம் புண்படும். அப்படியே இருந்துவிட்டேன். படிப்பு எனக்கு மேடம் என்ற ஒரு சொல்லைக் கொடுத்திருந்தது. அது யாருக்கும் மகளும் இல்லை, மருமகளும் இல்லை. பூங்கொடிக்கு அப்படி ஒரு சொல் யாரும் கொடுக்கவில்லை. எழுதிக் கொடுத்திருக்க வேண்டியவள் நான்.

பாலம் எங்கே கட்டுவது என்ற பேச்சு வந்தது. மேலூர்க் கோயிலுக்குப் பக்கத்தில் கட்ட வேண்டும் என்றார்கள் பெரியவர்கள். அங்கிருந்து அவர்கள் கொல்லை நிலங்களுக்கும் வழி கிடைக்கும். கீழூர்ப் பெண் ஒருத்தி பின்னாலிருந்து எழுந்து, "தலைவரம்மா, எங்க தொறையில கட்டறேன்னுதான ஓட்டு கேட்ட? இப்ப வாயே தொறக்க மாட்டேங்கற?" என்று கத்தினாள்.

"எங்க மருமவள எதுக்கு மெரட்டற?" என்றார் சின்னசாமி. "எதுவா இருந்தாலும் மாமனுங்க நாங்க இருக்கோம், எங்கள கேளு." பிறகு பின்னால் திரும்பி, கண்ணில் சிரிப்போடு, "இன்னாம்மா, நாங்க சொல்றத மீறிடுவியா நீ?" என்று கேட்டார்.

கூட்டம் முழுக்கச் சிரித்தது. ஏளனச் சிரிப்பு இல்லை. செல்லச் சிரிப்பு. பூங்கொடி வாயைத் திறந்தார். என்னை ஒரு முறை பார்த்தார்.

"நீங்க சொன்னா சரிங்க மாமா."

தீர்மானம் எழுதப்பட்டது. கோயில் பக்கம் பாலம்.

பேருந்து நிற்கும் இடம்வரை பூங்கொடி என்னோடு நடந்து வந்தார்.

"ஏன்கா உக்காரல?" என்றேன்.

"மொத மாசம் உக்காந்தேனே. உக்காந்ததும் ஒரு பெரியவரு எழுந்து போயிட்டாரு. அடுத்த கூட்டத்துல எல்லாரும் எழுந்து நின்னுட்டாங்க. நான் எழுந்த பெறகுதான் உக்காந்தாங்க. மருமவ மாமனாரு எதுர்ல உக்காந்தா வூட்டுக்கு ஆவாதாம். ஒருத்தரும் திட்டல பாப்பா. திட்டியிருந்தா இன்னும் கெட்டியா உக்காந்திருப்பேன்."

"உங்க வீட்டுக்காரர் ஊர்லதானே மாமன் முறை? சின்னசாமி வேற ஊர்தானே?"

"ஆமா. எலக்ஷனுக்கு முன்ன அவர அண்ணான்னுதான் கூப்பிடுவேன். அண்ணன் தங்கச்சின்னா எதிர்ல உக்காந்து சண்ட போடலாம். போட்டிருக்கேன். இப்ப எல்லா ஊருக்கும் மருமவ. அவரு பேரச் சொல்லக்கூட முடியாது. பேரு சொல்லாம எப்பிடி எதுத்துப் பேசறது, சொல்லு?"

அவர் சாலை ஓரமாக நின்று என் பக்கம் திரும்பினார்.

"நீ பொய் சொல்லியிருந்தா பரவால்ல. மேடையில ஆயிரம் பொய் சொல்றாங்க, எலக்ஷன் முடிஞ்சா யாரு ஞாபகம் வெக்கறாங்க? நீ சொன்னத ஊரு நம்பிடிச்சி."

பேருந்து வளைவில் வரும் சத்தம் கேட்டது. "மொதல்ல எழுதினதையே விட்டிருந்தா?" என்று கேட்டேன்.

"தோத்திருப்பேன்." பேருந்துக்குக் கையை நீட்டினார். "தோத்திருந்தா அந்த ஆபீஸ்ல போய் உக்காந்துகினு இருந்திருப்பேன். எந்தத் தலைவரு வந்தாலும் எதிர்ல உக்காந்து, தொறையிலதான் கட்டணும்னு கேட்டிருப்பேன்."

அவர் சொன்னதுபோலத் தோற்றிருப்பாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. முதல் வரிக்கு நாங்கள் இன்னும் ஒரு வாரம் கொடுத்துப் பார்க்கவில்லை. வந்தவள் என்ற சொல்லுக்கு, 'வந்தவள்தான் ரேஷன் கடையைக் கொண்டுவந்தாள்' என்று ஒரு பதில் எழுதியிருக்கலாம். அந்த வரி இப்போது தோன்றுகிறது. அன்று கடை வாசல் படியில் தோன்றவில்லை.

அண்ணனிடம் போய், இனிமேல் எழுதவில்லை என்றேன். அவருக்கு உண்மையாகவே புரியவில்லை. "ஜெயிச்ச வரிக்கு யாராவது அழுவாங்களா பொண்ணே?" என்றார். அதற்குப் பிறகும் உறவுமுறை இல்லாமல் ஒரு பெண்ணுக்கு எழுதிப் பார்க்க நான் தனியாக முயன்றதுண்டு. சிங்கத்தைப் பெண்ணாக்கிப் பார்த்தேன், விளக்கைத் தூக்கிவிட்டுத் தீப்பந்தம் வைத்துப் பார்த்தேன். எல்லாம் யாரோ ஒரு ஆணின் சட்டையை வாங்கிப் போட்டதுபோல இருந்தன. பெயரும் வேலையும் மட்டும் எழுதினால்தான் ஆள் தெரிந்தார். அதை எழுத எனக்கு முன்பே தெரிந்திருந்தது. அதற்கு ஓட்டு விழுமா என்பதுதான் தெரியாமல் போனது.

பாலம் கட்டி முடித்துத் திறந்த அன்று பூங்கொடி கூப்பிட்டதால் போனேன். கல்வெட்டில் ஊராட்சி மன்றத் தலைவர் என்று அவர் பெயர் இருந்தது. நாடாவைச் சின்னசாமி வெட்டினார். மாலை, கேசரி, போட்டோ. காலையிலிருந்தே தூறிக்கொண்டிருந்தது, மேலே எங்கோ நல்ல மழை. பாலத்தின் மேல் நின்று பார்த்தால் ஓடை வளையும் இடத்தில் அந்தத் துறை தெரியும். நடுவில் பாறையும் மரவள்ளிக் கொல்லையும் இருப்பதால் அங்கிருந்து பாலத்துக்கு நேர்வழி கிடையாது, சாலையைச் சுற்றித்தான் வர வேண்டும். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் எப்போதும்போலத் துறைக்குத்தான் போனார்கள். கலங்கிய தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

பூங்கொடி மாலையைக் கழற்றிப் பாலத்துக் கைப்பிடியில் மாட்டிவிட்டு, பாறை வழியாக இறங்கிப் போனார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடையில் இடுப்பளவு தண்ணீரில் நின்றார். ஒவ்வொரு பிள்ளையாக வாங்கி அந்தப் பக்கம் நின்ற பெண்களிடம் கொடுத்தார்.

சின்னசாமி என் பக்கத்தில் வந்து நின்று பார்த்தார். அவர் முகத்தில் கவலை இருந்தது. கைகளை வாய்க்குக் குவித்து, "மருமவளே, பாற வழுக்கும், பாத்தும்மா!" என்று கத்தினார். பெற்ற அப்பா கத்துவது போலத்தான் இருந்தது.

கீழிருந்து பூங்கொடி, பிள்ளையைத் தோளில் ஏற்றிக்கொண்டே, "சரிங்க மாமா" என்றார்.

நான் புதுப் பாலத்தின் மேல் நின்றுகொண்டிருந்தேன். என் கால் நனையவில்லை.